ஒரு பேலட் குடித்தனம்

அவருடைய அறைக்குள் முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இன்னாங்க, இப்பத்தான் வந்து எறங்கினீங்களா, இல்ல காலி பண்றீங்களா?" அவர் சிரிக்காமல், "ரெண்டும் இல்லீங்க, குடியிருக்கேன்" என்பார். கேட்டவர் சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிக்கொள்வார்.

அறையின் நடுவில் ஒரு மரப் பேலட் கிடக்கும். சுவரோரமாகக்கூட இல்லை, நட்டநடுவில். அவருடைய குடித்தனம் முழுவதும் அதன் மேல்தான். அடியில் இரும்புப் பெட்டி, பக்கத்தில் அடுப்பு, பாத்திரங்கள் வைத்த அட்டைப்பெட்டிகள், அவற்றுக்கு மேல் துணிமணி, உச்சியில் சுருட்டிய பாயும் போர்வையும். சமைக்க வேண்டுமென்றால் அடுப்பை உருவி எடுத்துத் தரையில் வைப்பார். சாப்பிட்டுக் கழுவி முடித்ததும் அடுப்பும் சட்டியும் தட்டும் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடும். சுவரில் ஒரு ஆணி கிடையாது. துணி காயப்போடக் கொடி கிடையாது. காலண்டர்கூட மாட்டவில்லை. அந்த அறையில் அவர் வருஷக்கணக்காக இருந்தார் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவர் இந்த மலையிலேயே தங்கிவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். சுற்றிவளைக்காமல் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாற்பதைத் தாண்டிய ஒருத்தி ஆசைப்பட்டாள் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரும். வந்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

ஜவ்வாது மலை ஊர்களில் விளைகிற சாமை, புளி, எடுக்கிற தேன் எல்லாவற்றையும் வாங்கி நகரத்துக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியின் குடோனில் எனக்கு வேலை. அன்றும் அதுதான், இன்றும் அதுதான். நெல்லிவாசல் பக்கத்திலிருந்து தலைச்சுமையாகவும் ஜீப்பிலும் வந்து சேரும் சரக்கைத் தரம் பார்த்து வாங்குவது நான். அப்போது அதை அடுக்கிக் கட்டி லாரியில் ஏற்றி அனுப்பியது அவர். வனத்துறை வேலைக்காக மலையேறி வந்த அப்பா கட்டிய வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போளூரில் இருக்கும் தம்பி போன் பண்ணும்போதெல்லாம், "அக்கா, அங்க இன்னா கீதுன்னு ஒக்காந்துகினு கீற? எறங்கி வந்துடு" என்பான். நான் இறங்க மாட்டேன். எனக்கு இந்த வீடு பிடிக்கும். அதற்கு மேல் காரணம் கேட்டால் எரிச்சல்தான் வரும்.

பேலட் என்பது ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. மரச்சட்டங்களை வரிசையாக வைத்து அடித்த தட்டு. அடியில் சந்து விட்டிருப்பார்கள். கைவண்டியின் இரண்டு இரும்புக் கைகளும் அந்தச் சந்துக்குள் நுழைந்து, மேலே இருக்கிற மூட்டை, பெட்டி எல்லாவற்றையும் மொத்தமாகத் தூக்கிக்கொள்ளும். மூட்டை மூட்டையாக முதுகில் சுமந்து ஏற்றுகிற வேலை ஒரே தள்ளலில் முடிந்துபோகும். அவர் வருவதற்கு முன்பே எங்கள் குடோனில் பேலட்டுகள் இருந்தன. அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் பெண்கள் புளிக்குக் கொட்டை எடுத்தார்கள்.

வந்த முதல் நாளே அவர் எல்லோரையும் எழுப்பிவிட்டார். ஒரு பேலட்டைக் கழுவித் துடைத்து, சாமை மூட்டைகளை அடுக்கத் தொடங்கினார். ஒரு வரிசை நீளவாட்டில், அடுத்த வரிசை குறுக்குவாட்டில், கொத்தனார் செங்கல் வைக்கிற மாதிரி. ஒரு மூட்டைகூடத் தட்டின் ஓரத்தைத் தாண்டி வெளியே தொங்கக்கூடாது. தாண்டினால் உருவிவிட்டு மறுபடி அடுக்குவார். கடைசியில் பளபளவென்று இருக்கும் பிளாஸ்டிக் பிலிம் உருளையை எடுத்துக்கொண்டு, குனிந்து பேலட்டின் அடியிலிருந்து ஆரம்பித்து, இழுத்துப் பிடித்தபடி சுற்றிச் சுற்றி வருவார். முடிக்கும்போது அத்தனை மூட்டையும் ஒரே மூட்டை ஆகியிருக்கும்.

"அண்ணா, இத்தினி சுத்து கோயில சுத்தினாலாவது புண்ணியம் கெடைக்கும்" என்றாள் சின்னப்பொண்ணு. புளி கொட்டை எடுக்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி, வாயிலும் அவள்தான் தலைவி.

"ஏத்துற எடத்துல கட்டினத எறக்குற எடத்துலதான்மா அவுக்கணும். நடுவுல எவனும் கை வெக்கக்கூடாது" என்றார் அவர். சம்பந்தமில்லாத பதில்தான். ஆனால் யார் எது கேட்டாலும் அவர் அநேகமாக இந்த ஒன்றைத்தான் சொல்வார்.

அந்த வருஷம் சாமை அறுப்பு முடிந்து முதல் லோடு கிளம்பும் நாளில் ஒரு தகராறு நடந்தது. அவர் பேலட்டைக் கட்டி முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றபோது சின்னப்பொண்ணு வந்து, "அம்மனுக்கு மொதல் படி எடுக்காம எப்பிடி கட்டினீங்க?" என்று கேட்டாள். குடோனிலிருந்து கிளம்பும் முதல் மூட்டையிலிருந்து ஒரு படி எடுத்துப் பொங்கல் வைப்பது எங்கள் பெண்கள் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"கட்டியாச்சேம்மா" என்றார்.

"அவுங்க."

"கட்டினத அவுக்கக்கூடாதும்மா."

"அப்ப லாரியும் போகக்கூடாது" என்று சொல்லிவிட்டு அவள் கைவண்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். லாரி டிரைவர் முருகேசன் சமாதானம் பண்ணுவதாக நினைத்துக்கொண்டு, "ஓரத்துல பிளேடால ஒரு கிழி கிழிச்சி, கைய வுட்டு ஒரு படி எடுத்துட்டு, டேப்பு ஒட்டிடலாம் சார்" என்றான். அவர் அவனைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. ஆளைக் கிழிக்கச் சொன்ன மாதிரி பதறிப்போனார்.

பிறகு பிலிம் முழுவதையும் உரித்தார். மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு மூட்டையாக இறக்கி, அடியில் முதலில் வைத்த மூட்டையை வெளியே எடுத்து, தையலைப் பிரித்து, சின்னப்பொண்ணு நீட்டிய படியைத் தானே தலைதட்டி நிரப்பிக் கொடுத்தார். மறுபடி தைத்து, மறுபடி அடுக்கி, மறுபடி சுற்றினார். லாரி கிளம்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மேல் மூட்டையிலிருந்து ஒரு படி அள்ளிக் கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு அன்றைக்குத்தான் அவரைப் பிடித்துப்போனது. அடுத்த வருஷம் அம்மனுக்கான படியை அவரே முதலில் அளந்து தனியாக வைத்துவிட்டுத்தான் அடுக்க ஆரம்பித்தார்.

மாதத்துக்கு ஒருதடவை சாமான் வாங்க நாங்கள் ஷேர் ஜீப்பில் போளூர் போவோம். மலை ஜீப்பில் ஏறியவர்களுக்குத் தெரியும், அதில் ஆள் உட்காருவதில்லை, ஆளைத் திணிக்கிறார்கள். அவர் ஏறியதும் டிரைவருக்கு வேலை போய்விடும். "பெரியவரே, நீங்க சக்கரத்து மேல வாங்க. அம்மா, பலாப்பழத்த மடில வெக்காதீங்க, கால்கிட்ட போடுங்க. தம்பி, நீ குறுக்கால ஒக்காரு" என்று அடுக்கிவிடுவார். முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் நகர்ந்து உட்காருவார்கள். ஆனால் கொண்டை ஊசி வளைவில் ஒருவர் மேல் ஒருவர் விழாமல் ஊர் போய்ச் சேருவோம். என்னை எப்போதும் ஜன்னலோரம் வைத்து, எனக்கு அடுத்து அவர் உட்காருவார். வளைவு வரும்போது முன் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வார், தன் பாரம் என் மேல் சாயாதபடி. சாய்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் நான் ஒரு திட்டம் போட்டேன். அவருடைய பேலட்டை நிரப்பி வழியவிட்டால் மனிதர் நகர முடியாமல் இங்கேயே தங்கிவிடுவார் இல்லையா? சின்னப்பிள்ளைத்தனம்தான். முதலில் எங்கள் கொல்லையில் காய்த்த பரங்கிக்காயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை அன்றைக்கே வெட்டிக் குடோனுக்கே குழம்பு வைத்துவிட்டார். தின்கிற பொருள் சரிப்படாது என்று, போளூரில் நல்ல கம்பளிப் போர்வை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொன்னார். மறுநாள் அவருடைய பழைய போர்வை முருகேசன் லாரியில் கிடந்தது. அடி கனமான சட்டி ஒன்று கொடுத்தேன். பழைய சட்டி சின்னப்பொண்ணு வீட்டு அடுப்புக்குப் போனது. ஒரு மர ஸ்டூல் கொடுத்தேன். அதற்கு இடம் பண்ண ஒரு பெட்டி துணியையே யாருக்கோ கொடுத்துவிட்டார். கொஞ்ச நாளில் ஊரில் பாதிப் பேர் வீட்டில் அவருடைய சாமான் இருந்தது. அவருடைய பேலட் மட்டும் ஒரு விரற்கடைகூட உயரவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு போர்வ வெச்சிக்கினா இன்னா குடி முழுகிடப் போவுது உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது போர்வைய எங்கங்க மேடம் வெக்கிறது?"

"தரையில வைங்க. சொவத்துல ஆணி அடிச்சி மாட்டுங்க. வூடுதானே இது?"

அவர் பேலட்டின் ஒரு மூலையைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, அரிசி விலை சொல்கிற குரலில் சொன்னார்.

"ஓசூர்ல பெரிய வூடுங்க. அவ இருந்தப்ப. அவ செத்ததுக்கு அப்பறம் வூட்டுக்காரங்க காலி பண்ணச் சொல்ட்டாங்க. புடிச்ச வண்டி சின்னது. மொத நடைல பாதிய ஏத்திக்கினு, மீதிய ரோட்டோரமா வெச்சிட்டுப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள நல்ல மழ. அவளோட தையல் மிஷின் அங்கதான் வெச்சிருந்தேன். வந்து பாத்தா அடி மேச மட்டும் நனைஞ்சிகினு நிக்குது. மிஷின காணோம்."

"தேடலியா?"

"யார்கிட்ட போய் கேக்கறது? ரோட்டுல வெச்சது நான்தானே."

அவர் இப்படி ஆனதற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மனைவியை இழந்தவர்கள் எத்தனையோ பேர் இரண்டு போர்வையோடு வாழ்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு நான் அவருக்கு எதுவும் வாங்கித் தரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாகப் பெரிய குடோன் திறக்கிறார்கள், திங்கட்கிழமை அங்கே இருக்க வேண்டும் என்று. அவர் சரி என்று சொல்லி வைத்துவிட்டு, புளிப் பெட்டிகளின் மூலை நசுங்காமல் அட்டை வைத்துக் கட்டிக்கொண்டிருந்த வேலையைத் தொடர்ந்தார். எனக்குத்தான் கை ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் வாசல் தாண்டி உள்ளே வந்ததில்லை. குளித்து, தேய்த்த சட்டை போட்டிருந்தார். டீ கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், "பேலட்ட பாதி காலி பண்ணிட்டேங்க" என்றார்.

"ஏன்?"

"இரும்புப் பொட்டிய சின்னப்பொண்ணு எடுத்துக்கிச்சி. பாத்திரமும் கொஞ்சம் குடுத்துட்டேன். ஒரு பக்கம் சுத்தமா காலியா கீது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க சாமான் இன்னா இன்னா வருதுங்க மேடம்?"

அது கல்யாணப் பேச்சு என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் வந்த சந்தோஷத்தை மறைப்பானேன்? தன்னிடம் இருந்ததில் சரிபாதியை இதுவரை யாரும் எனக்கு எடுத்து வைத்ததில்லை. அந்தப் பாதி எவ்வளவு சின்னது என்பது எனக்கு உடனே தோன்றவும் இல்லை. அடுக்களைக்குள் போய்ச் சும்மா ஒரு பாத்திரத்தை எடுத்து, சும்மா திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.

"நீங்க இங்கயே இருந்துடுங்களேன்" என்றேன். "இந்த வேல இல்லாட்டி வேற வேல. இந்த வூடு முழுக்க ஆளில்லாம காலியாத்தான் கீது."

அவர் வீட்டைப் பார்த்தார். அப்பாவின் மர பீரோவை, கட்டிலை, அம்மியை, சுவரில் மாட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். விளையாட்டாக இல்லை, உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். "இதெல்லாம் எப்பிடிங்க தூக்கறது?"

"தூக்க வாணாம். இது இங்கயே இருக்கறது."

அவருக்கு அது பிடிபடவில்லை. எனக்கும் விட்டுக்கொடுக்க மனம் இருந்தது. வீடு எங்கே போய்விடப் போகிறது, பூட்டிவிட்டுப் போகலாம் என்றுகூட ஒரு கணம் தீர்மானித்துவிட்டேன். "சரி, நா வர்றேன்" என்றேன். "எங்க போய் எறங்குவோம்?"

"கம்பெனில ரூம் குடுப்பாங்க."

"அந்த ரூம்ல சாமான அவுப்பீங்களா?"

டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொவத்துல ஒரு ஆணி அடிப்பீங்களா? எம் பொடவைய ஒரு கொடில போட வுடுவீங்களா? இல்ல, மடிச்சி மேல வெச்சிட்டு, அடுத்த போனு எப்ப வரும்னு நானும் உங்ககூட ஒக்காந்துகினு இருக்கணுமா?"

அவிழ்க்கிறேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். பொய்யாகச் சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். அவருக்குப் பொய் வராது. டீ ஆறி ஆடை கட்டியது. அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி, எடுத்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தார். "வர்றேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று சின்னப்பொண்ணிடம் சொல்லி அனுப்பினேன். அவள் ஒன்றும் கேட்காமல் போனதிலிருந்தே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. பனி விலகாத நேரத்தில் லாரி வளைவில் இறங்கும் சத்தம் கேட்டது. கொல்லையில் போய் நின்றுகொண்டேன்.

முருகேசன் இரண்டொரு நாள் கழித்துத் திரும்பினான். காலிப் பேலட்டுகளை இறக்கிக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னான்.

"இன்னாக்கா, நம்ம சாருக்கு புத்தி கித்தி கெட்டுப்போச்சா? பேலட்டுல ஒரு பக்கம் பூரா பாரம், ஒரு பக்கம் சுத்தமா காலி. அப்பிடியே லாரில ஏத்தச் சொல்றாரு. வளைவுல சாஞ்சிடும் சார், நடுவுல நவுத்தி அடுக்குங்கன்னேன். இத அவருக்கு நா சொல்லணுமாக்கா? அவருதான் நமக்கே சொல்லிக் குடுத்தாரு. கேக்கல. பிலிமும் சுத்தல. முன்னால வந்து ஏறுங்கன்னா அதுவும் மாட்டேன்னுட்டாரு."

"அப்பறம்?"

"அந்த காலி பக்கம் அவரே ஏறி ஒக்காந்துகினாரு. எதிர் பக்கத்து சாமான ஒரு கையால புடிச்சிகினே வந்தாரு. மல எறங்கற வரிக்கும் சரி, வளைவு கீது, எடைக்கு எட ஆச்சின்னு வெச்சிக்கலாம். போளூர் தாண்டி டீக்கு நிறுத்தறேன், அப்பவும் எறங்கல. எறங்கினா சாஞ்சிடும்ன்றாரு. நிக்கிற வண்டில எங்கக்கா சாயும்?"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் லாரியை எடுத்துக்கொண்டு போன பிறகு, குடோன் கதவைச் சாத்திவிட்டு, புளி வாசத்துக்கு நடுவில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அங்கிருந்தும் மாற்றிவிட்டார்கள் என்றார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பேலட்டின் அந்தக் காலிப் பக்கத்தில் நான் உட்கார்ந்து போயிருக்கலாம் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் தோன்றுவதில்லை. தோன்றினாலும் தோன்றாவிட்டாலும், சாயங்காலம் வீட்டைத் திறந்து நான்தான் விளக்குப் போட வேண்டியிருக்கிறது.